மூன்றாவது ஓட்டு

வடதுருவத்தை ஒட்டிய ஒரு மீனவக் குடியிருப்பில் குளிர்காலம் முழுக்கத் தங்கிவிட்டு வந்தவள் அவள். கடல் பனி உருக உருக அந்தப் பக்கம் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்தன. கப்பலுக்குப் பின்னாலேயே சுரங்கமும் வரப்போகிறது. முதலில் எதிர்த்த ஊர் பிறகு ஏன் தலையாட்டியது என்பதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. வீட்டில் அவளுடைய அக்கா அவளை ‘ஐஸ் வியாபாரி’ என்றுதான் கூப்பிடுவாள்.

ஆய்வேட்டின் உயிர் மூன்றாம் அத்தியாயத்தில் இருந்தது. அங்கே அவளுக்கு இடம் கொடுத்த வீட்டுக்கார அம்மாவின் தம்பி, ஊர் மன்ற உறுப்பினர். சுரங்கம் கூடாது என்று தன் அக்காவான அந்த அம்மாவோடு சேர்ந்து நின்றவர், மகனுக்கு வேலை தருவதாக நிறுவனம் சொன்னதும் ஓட்டை மாற்றிப் போட்டார். அதன் பிறகு இருவருக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை. இத்தனையையும் அந்த அம்மா சமையலறையில் உட்கார்ந்து சொல்ல, இவள் பதிவு செய்துகொண்டாள்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இருந்த சமயத்தில் அந்த அம்மாவிடமிருந்து போன் வந்தது. இருவருக்கும் பொதுவான அரைகுறை மொழியில்தான் பேச்சு.

“தம்பி வீட்டுக்கு வந்துட்டான். ஒண்ணா உக்காந்து சாப்பிட்டோம். நான் சொன்னத எடுத்துடும்மா.”

“யார் பேரையும் போடலம்மா.”

“மன்றத்துல இருக்கறதே அஞ்சு பேரு. அதுல அக்கா இருக்கறது ஒருத்தனுக்குத்தான். பேரு வேற எதுக்கு?”

வழிகாட்டிப் பேராசிரியருக்கு இது பிடிக்கவில்லை. “கையெழுத்து வாங்கியிருக்கல்ல? அப்புறம் என்ன?”

“எப்ப வேணும்னாலும் வாபஸ் வாங்கலாம்னு சொல்லித்தான் சார் வாங்கினேன்.”

“எல்லாரும்தான் சொல்றோம். யாரு வாபஸ் வாங்கியிருக்காங்க?”

வீட்டில் அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்: “அவங்களுக்கு நீ எழுதினது படிக்கத் தெரியுமா?”

“தம்பி பையன் படிப்பான்.”

“அப்ப எடுத்துடு. இன்னும் கொஞ்ச நாள் உனக்கு நான்தான் சோறு போடணும். என்ன புதுசா?”

எடுத்துவிட்டாள். ஒலிப்பதிவை ஒருமுறை முழுக்கக் கேட்டுவிட்டு அதையும் அழித்தாள்.

வாய்மொழித் தேர்வில், வெளியூர்த் தேர்வாளர் பக்கங்களைப் புரட்டினார். “பனி அளவு இருக்கு, கப்பல் போக்குவரத்து இருக்கு, சட்டம் இருக்கு. ஆனா மூணுக்கு ரெண்டுன்னு சுரங்கம் ஜெயிச்சிருக்கு. அந்த மூணாவது ஓட்டு எப்படி மாறிச்சு?”

“தெரியும். சொல்ல முடியாது.”

திருத்தி எழுத ஒரு வருடம் கொடுத்தார்கள். அறைக்குள் வாயே திறக்காத பேராசிரியர் வெளியே வந்ததும், “ஒரு வரி சொல்லியிருக்கலாம்” என்றார். அவளுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் மாடிப்படியில் வேகமாக இறங்கினாள்.

அந்த ஒரு வருடத்தில் கேள்வியையே மாற்றினாள். மன்றக் கூட்டக் குறிப்புகளை வைத்து, முடிவெடுக்க ஊருக்கு எவ்வளவு குறைந்த அவகாசம் கிடைத்தது என்பதை எழுதினாள். பட்டம் கிடைத்தது. ஆய்வேடு முன்பிருந்ததைவிடச் சப்பென்று இருந்ததை யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒரு பிரதியை அந்த அம்மாவுக்கு அனுப்பினாள். தம்பி மகன் படித்து அர்த்தம் சொன்னானாம்.

“அவ்வளவு பேசினேன், ஒண்ணுமே இல்லையே?” என்று அந்த அம்மா போனில் குறைப்பட்டுக்கொண்டார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, சுரங்கத்துக்கான கப்பல் வந்துவிட்டதா என்று கேட்டாள்.

“வந்தாச்சு. ஜன்னல மறைச்சிக்கிட்டு நிக்குது.”