இடுப்பு என்று சொன்னது

“இடுப்புல அடையாளம் இருக்கு சார்.”

பாண்டிச்செல்வி மறுபடியும் அதையே சொன்னாள். ஏட்டு எழுதுவதை நிறுத்தவில்லை.

“இடுப்பப் பாத்தாச்சும்மா. கருப்புக் கயிறு கிடந்துச்சு. அது தன் மகன் கயிறுன்னு அந்தம்மா சொல்லியாச்சு. எம்புட்டு நேரம் இதையே பேசுவீக?”

அந்தம்மா என்றது அய்யம்மாளை. திருத்தங்கல்காரி. பிணவறை வாசலில், சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். காலையில் பட்டாசுக் கம்பெனியில் மருந்து தீப்பிடித்துக்கொண்டதும் அந்த ஷெட்டில் இருந்தவர்கள் எல்லாரும் ஓடிவிட்டார்கள், இரண்டு பேரைத் தவிர. ஒருவன் பாண்டிச்செல்வியின் புருசன் மாரிக்கண்ணன். இன்னொருவன் அய்யம்மாளின் மகன் விக்னேஷ்குமார், தீபாவளி சீசனுக்கென்று புதிதாகச் சேர்ந்தவன். உள்ளே கிடந்த இரண்டில் ஒன்றுக்குக் கை, கால் என்று சொல்ல ஏதோ மிச்சம் இருந்தது. மற்றதைத் துணியில் கட்டித்தான் கொண்டுவந்திருந்தார்கள்.

கை கால் உள்ளதைத்தான் அய்யம்மாள் தன் மகன் என்றாள். கயிறு கட்டாத ஆம்பிளை எந்த ஊரில் இருக்கிறான்? பெற்றவள் சொன்னாள், ஏட்டு எழுதிக்கொண்டார்.

பாண்டிச்செல்வியும் உள்ளே போய்ப் பார்த்தாள். முகம் இல்லை. ஆனாலும் அந்தத் தோள்பட்டை அவளுக்குத் தெரிந்ததாக இருந்தது. திருப்பிப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அதைத்தான் அவள் கேட்டாள், கேட்கத் தெரிந்த வார்த்தையில்.

அந்தப் பக்கத்தில் காய்ச்சல் என்று ஊசி போடப் போனால், “கையிலயா, இடுப்புலயா?” என்றுதான் கேட்பார்கள். இடுப்பு என்றால் வேட்டியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுத் திரும்பி நிற்க வேண்டும் என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். போலீசுக்குத்தான் தெரியவில்லை.

கல்யாணமான புதிதில் மாரிக்கண்ணன் அப்படித் திரும்பி நின்றான். ஆனைக்குட்டத்தில் வீடு வீடாகப் போய் ஊசி போடுகிற ஆள் ஒருவன் போட்டான். காய்ச்சல் விட்டது, காலும் விட்டது. வலது பக்கச் சதை கொஞ்சம் கொஞ்சமாகச் சூம்பிப்போய், நடந்தால் உடம்பு ஒரு பக்கமாக இறங்கி ஏறியது. கம்பெனியில் அவனுக்குத் தராசு என்று பேர் வைத்தார்கள். “எடை சரியாத்தாம்லே இருக்கும்” என்று அவனும் சிரிப்பான். வீட்டில் மட்டும் விளக்கை அணைக்காமல் வேட்டி மாற்றமாட்டான்.

மாரிக்கண்ணனின் அண்ணன் வெள்ளைத்துரை கிட்டே வந்தார். அவரிடம் அவள் முகம் பார்த்துப் பேசியதில்லை.

“விடு தாயி. அவுக குடுக்கிறத வாங்கிட்டுப் போவோம். எதுன்னாலும் எரிக்கத்தான போறோம்?”

எரிந்தவனை எரிக்கத்தானே போகிறோமாம்! அவளுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. உள்ளேயிருந்து ஸ்ட்ரெச்சர் உருளும் சத்தம் கேட்டது. ஏட்டு தாளை அய்யம்மாள் பக்கம் நீட்டி, கைநாட்டு வைக்க மைப்பெட்டியைத் திறந்தார்.

“இடுப்பு இல்ல சார்!” என்று கத்தினாள் பாண்டிச்செல்வி. “குண்டி! வலது குண்டி! சூம்பிப் போயிருக்கும். திருப்பிப் பாருங்க!”

வாசலில் நின்ற அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். வெள்ளைத்துரை முகத்தைத் திருப்பிக்கொண்டார். யாரோ செருமினார்கள். அவளுக்குக் காது மடலெல்லாம் எரிந்தது. ஆனாலும் தலையைக் குனியவில்லை.

சத்தம் கேட்டு டாக்டர் பிரபாகரன் வெளியே வந்தார். “நீங்க உள்ள வாங்கம்மா” என்றார்.

இரண்டு பேராகச் சேர்ந்து திருப்பினார்கள். முதுகு கருகியிருந்தது. அதற்குக் கீழே தோல் அப்படியே இருந்தது, கம்பெனிக்குப் போட்டுக்கொண்டு போன கால்சட்டையின் நீலத்துணி அங்கங்கே ஒட்டிக்கொண்டு. இடது பக்கம் சதை இருந்தது. வலது பக்கம் குழி விழுந்து, எலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

“அவுகதான்” என்றாள்.

டாக்டர் கையுறை போட்ட விரலால் அந்தக் குழியைத் தொட்டார். “ஊசி போட்டதா?”

“ஆமா சார்.”

“மேல, வெளிப்பக்கமா போடணும். உள்ள தள்ளிப் போட்டிருக்கான். இங்க ரெண்டு நரம்பு இருக்கும்மா. மேல உள்ளது போச்சுன்னா நடக்கையில இடுப்பு சாயும். கீழ உள்ளது இந்தப் பெரிய சதைக்குப் போறது. அது போச்சுன்னா…” அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். “தரையில உக்காந்தா எந்திரிக்க ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பாரே?”

“முழங்கால்ல கைய ஊனித்தான் சார் எந்திரிப்பாரு.”

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தீப்பிடிக்கும்போது தரையில் உட்கார்ந்திருக்கிறான்; உட்கார்ந்த இடம் மட்டும் அதனால்தான் வேகவில்லை. மற்றவர்கள் வாசலைத் தாண்டும்போது அவன் முழங்காலில் கையை வைத்திருப்பான். ஐயோ என் சாமி என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். டாக்டர் துணியை இழுத்து மூடினார்.

வெளியே ஏட்டு பழைய தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுத ஆரம்பித்திருந்தார். அய்யம்மாளின் பெருவிரலில் மை காயவில்லை. அந்த விரலை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாண்டிச்செல்வியை அண்ணாந்து பார்த்தாள். சண்டைக்கு வருவாள் என்றுதான் பாண்டிச்செல்வி நினைத்தாள்.

“ஒன் வீட்டுக்காரருதானா தாயி?”

“ஆமாக்கா.”

“அப்ப அந்த மூட்டைதான் எம்புள்ளையா?”

பாண்டிச்செல்வி தலையை ஆட்டினாள்.

“அவனுக்கு ஒடம்புல ஒரு கொறையும் கெடையாது. ஒரு தளும்பு கூட விளாம வளத்தேன்” என்றாள் அய்யம்மாள். “நான் எதச் சொல்லி அவனக் கேப்பேன்?”

ஆம்புலன்ஸ் டிரைவர் பின்கதவைத் திறந்துவிட்டு, “மாரிக்கண்ணன் ஆளுக யாரு? ஏறுங்க” என்று கூப்பிட்டார். வெள்ளைத்துரை கையைத் தூக்கிக் காட்டினார்.

பாண்டிச்செல்வி அய்யம்மாளின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.