ஒருநாள் முந்தி வந்த பேச்சு

கலியாணம் முடிந்த மறுநாளிலிருந்து, அபூதாஹிர் தன் மனைவி பல்கீசுக்குச் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் ஒருநாள் முந்தியே அவள் காதில் விழுந்தது. 1951இல் கிண்ணியாவில் நடந்த கலியாணம் அது. அபூதாஹிர் திருகோணமலைத் துறைமுகத்தில் தண்டயல். கரையிலிருந்து கப்பலுக்குத் தேயிலைப் பெட்டி கொண்டுபோகும் வள்ளமொன்றை ஓட்டினார். அவர் நாளைக்குச் சொல்லப்போவதை இன்றைக்கே, அதே நேரத்தில், அதே குரலில், அவர் வீட்டில் இல்லாதபோதும் பல்கீஸ் கேட்டாள். மற்றவர்களோடு அவர் பேசுவது அப்படிக் கேட்கவில்லை. அவளுக்கென்று சொல்வது மட்டும்தான்.

அன்பாகப் பேசுகிற மனிதர் என்றால் அதைப் பாக்கியம் என்று வைத்துக்கொண்டிருப்பாள். அபூதாஹிர் கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. ஆனால் வீட்டுக்குள் காலெடுத்து வைத்தால் வாயில் ஏச்சைத் தவிர வேறொன்றும் வராது. அந்த ஏச்சு முழுவதையும் பல்கீஸ் இரண்டு தடவை வாங்கினாள். "இது கறியா, கடல் தண்ணியா?" என்று திங்கட்கிழமை காதில் விழுந்தால் செவ்வாய்க்கிழமை உப்பே போடாமல் ஆக்குவாள். அன்றைக்கென்று பக்கத்து வீட்டு மைமூனா ஒரு கோப்பை கருவாட்டுக் கறி கொண்டுவந்து தருவாள். அவர் அதைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவார். மூன்றாம் வருசம் பிள்ளையில்லாத பேச்சுத் தொடங்கியது. அதை அவள் முதல்நாளே கேட்டு அழுது முடித்துவிடுவாள். மறுநாள் அவர் சொல்லும்போது காய்ந்த கண்ணோடு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பாள். அது அவருக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பும்.

அவருக்கும் அது லேசான சீவியமல்ல. "நான் கதைக்க முந்தி நீ கேட்டு முடிச்சிட்டா எனக்கு எதுக்கு வாய்?" என்று ஒருநாள் கேட்டார். அது நியாயமான கேள்வி என்று பல்கீசுக்கும் பட்டது. ஒருமுறை அவர் மூன்று நாள் வாயைச் சால்வையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு திரிந்தார். பேச வேண்டிய நேரம் வந்ததும் முடிச்சுத் தானாக அவிழ்ந்து விழுந்தது.

1964 மார்கழியில் சூறாவளி அடிப்பதற்கு முதல்நாள், "கூரை போகுது, பள்ளிக்கு ஓடு!" என்ற அலறல் பல்கீசுக்குக் கேட்டது. அப்போது அவர் துறைமுகத்தில் இருந்தார். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அந்தத் தெரு முழுக்க வீடு வீடாய்ப் போய்ச் சொன்னாள். இருபத்திரண்டு குடும்பம் பாய், பானை, ஆடு சகிதம் பள்ளிவாசலின் கல்லுக் கட்டடத்துக்குள் வந்து சேர்ந்தது. அபூதாஹிரும் முணுமுணுத்துக்கொண்டு வந்தார். காற்று வந்து தெருவின் கூரைகளைப் பிடுங்கியது. ஒரு உயிர்கூடப் போகவில்லை. ஆனால் குறித்த நேரம் வந்ததும் அவர் எழுந்து நின்று, பெண்கள் பக்கம் திரும்பி, "கூரை போகுது, பள்ளிக்கு ஓடு!" என்று அலற வேண்டியதாயிற்று. "தண்டயல், இதுதானே பள்ளி" என்று யாரோ சொல்ல, அந்தப் பயத்துக்குள்ளும் சனம் சிரித்துவிட்டது. சனம் பிழைத்ததை அவர் மறந்தார். சிரித்ததை மறக்கவில்லை.

இரண்டு வருசம் கழித்து ஒரு புதன்கிழமை, விடிந்ததிலிருந்து பின்னேர அசர் தொழுகை வரைக்கும் பல்கீசின் காதில் ஒன்றும் விழவில்லை. பதினைந்து வருசத்தில் அப்படி ஒருநாள் வந்ததில்லை. நாளைக்கு இவர் என்னோடு பேசமாட்டார். பேச உயிரோடு இருக்கமாட்டார் என்று நினைத்தாள். நினைத்ததும் நெஞ்சுக்குள் ஏதோ லேசானது. அந்த லேசுதான் அவளைப் பயப்படுத்தியது. பின்னேரம் அவர் வந்ததும் மறைக்காமல் சொன்னாள்.

"நாளைக்கு வேலைக்குப் போகாதீங்க. நாளைக்கு உங்கட குரல் எனக்கு வரல்ல."

"நான் மௌத்தாகினா உனக்கு நல்லந்தானே" என்றார். முதல்நாளே அது காதில் விழுந்தபோது எதற்கென்று அவளுக்கு விளங்கியிருக்கவில்லை.

"இல்ல. உங்கட மௌத்து எனக்கு வேணாம்" என்றாள் பல்கீஸ். "எனக்கு வேணும் எண்டது வேற." சொன்ன பிறகுதான், வேறொன்று தனக்கு வேணும் என்பதே அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் அவர் ஒரு சொல்லும் பேசாமல் போனார். அவள் சோற்றுப் பார்சல் ஒன்றைக் கட்டி, குடையை எடுத்துக்கொண்டு, துறையில் தோணி ஏறி, பின்னாலேயே துறைமுகத்துக்குப் போனாள். வள்ளம் கவிழ்ந்தால் கத்துவதற்கு ஒரு ஆளாவது வேண்டுமே. பகல் முழுக்க இறங்குதுறையில் நின்றாள். வள்ளம் போனது, வந்தது, மறுபடி போனது. அபூதாஹிர் கூட்டாளிகளோடு சாப்பிட்டார், ஏதோ பகிடி சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து அவள் கண்டதில்லை. இந்த மனிதர் சாகப்போவதில்லை என்று அவளுக்குத் தெளிவானது. அப்படியென்றால் இன்றைய பேச்சு நேற்று அவள் காதில் விழாதது, இன்றைக்கு அதைக் கேட்க அவள் அந்த வீட்டில் இருக்கப்போவதில்லை என்பதால்தான். இது எழுதி வைத்ததா, தான் எடுத்த முடிவா என்று அவள் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. மூதூருக்குப் போகும் லாஞ்சிப் படகு புறப்படப் போகிறது என்று கூப்பிட்டார்கள். போய் ஏறினாள். பாதிக் கடலில் பார்சலை அவிழ்த்து ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள்.

மூதூருக்கு அப்பால் தோப்பூரில் அவளுடைய நானா, மூத்த சகோதரர் கலீலுர் றஹ்மான் இருந்தார். அவர் ஒன்றும் கேட்காமல் பின்வளவில் ஒரு அறை இறக்கிக் கொடுத்தார். பல்கீஸ் நெல் அவித்துக் காயவைத்து விற்கத் தொடங்கினாள்.

மூன்றாம் மாதம் அபூதாஹிர் வந்தார். அவர் வருவது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. "வீட்டுக்கு வா" என்றார். அந்தச் சொல்லை அவள் அப்போதுதான், ஒரேயொரு தடவை கேட்டாள்.

"ஏலாது."

அவர் ஒரு எட்டு முன்னால் வந்தார். "இப்ப நான் என்ன சொல்லப் போறன் எண்டு சொல்லு பாப்பம்."

"தெரியாது. மெய்யாத்தான், தெரியாது."

அபூதாஹிர் நெல்மூட்டையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு பேசினார். கடலைப் பற்றி, சிறுவயதில் செத்த தன் தம்பியைப் பற்றி, சூறாவளி அன்று தான் பயந்ததைப் பற்றி, ஒரு மணித்தியாலம் பேசினார். பல்கீஸ் நெல்லைக் கிண்டிவிட்டபடி கேட்டாள். பிறகு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, கடைசி லாஞ்சிக்கு நேரமாகுது என்று எழுப்பி அனுப்பினாள்.

அடுத்த வருசம் இரண்டு பேரும் சம்மதித்துக் காதியாரிடம் பிரிவு எழுதினார்கள். காரணம் என்ற இடத்தில், கணவன் பேச்சு மனைவிக்கு ஒருநாள் முந்திக் கேட்டல் என்று காதியார் எழுதி, மை காயும்வரை ஊதிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.