சுவரில் மீனே இல்லை

எங்கள் அலைத்தடுப்புச் சுவரில் ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை. எழுதி வைத்த சட்டங்களை விட ஒழுங்காக நடக்கிறது, அவ்வளவுதான். "ஏதாவது கிடைச்சுதா?" என்று எவன் கேட்டாலும் "ஒண்ணும் இல்ல" என்று சொல்ல வேண்டும். ஒரு நிமிடத்துக்கு முன்புதான் முழங்கை நீளக் கொடுவா மீன் ஒன்றைக் கொஞ்சாத குறையாகக் கையில் ஏந்திக் கடலில் திருப்பி விட்டிருப்போம். இருந்தாலும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ள வேண்டும். கை ஈரத்தைப் பேன்ட்டின் பின்பக்கம் துடைத்துக்கொள்வது உத்தமம்.

காரணம் எளிது. "இருக்கு" என்று ஒருவனிடம் வாய் தவறினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர் நிற்பார்கள். பொய் சொல்ல வசதியும் உண்டு. அந்தச் சுவரில் பிடிக்கும் மீனை உயிரோடு திருப்பி விட்டுவிட வேண்டும் என்பது மீன்வளத்துறை போட்ட விதி. ஆகவே கையில் எடுத்துக்கொண்டு போவது ஒன்றும் கிடையாது, பேச்சைத் தவிர.

நாங்கள் நான்கு பேர். பல் டாக்டர் ஒருவர். வாரம் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்க வைப்பவர், ஞாயிற்றுக்கிழமை தன் வாயைத் திறக்க மாட்டார். பேக்கரிக்காரர் ஒருவர். அவருடைய இரை உருண்டையில் என்ன இருக்கிறது என்று கேட்டால் மாவு என்பார். அது எங்களுக்கே தெரியும். மூன்றாவது என் மனைவியின் தம்பி, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை. மற்றவர்களுக்கு இடைவெளி விட்டுப் போகச் சொல்லிக்கொடுப்பவன், சுவரில் மட்டும் என் தூண்டிலை உரசிக்கொண்டுதான் தன் தூண்டிலை வீசுவான். நான்காவது நான். லிஃப்ட் மெக்கானிக்.

லிஃப்ட் வேலையில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிடும். எந்த லிஃப்டைத் தொட்டாலும் அங்கே தொங்கும் நோட்டில் தேதி, நேரம், என்ன பழுது, என்ன செய்தோம் என்று எழுதாமல் கிளம்பக் கூடாது. அந்தப் புத்தி சுவரிலும் விடவில்லை. என் இடம் சுவரின் கடைசி முனை. அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் எல்லோருடைய தூண்டிலும் தெரியும். யாருடைய தூண்டில் எத்தனை முறை வளைந்தது என்பதைச் சின்ன நோட்டு ஒன்றில் குறித்துக்கொண்டே வந்தேன். 'பல், இரண்டு, தொப்பியால் மறைத்துக்கொண்டு விட்டார்.' 'பேக்கரி, ஒன்று, தும்முவது போல நடித்தார்.' எழுதுவேனே தவிர ஒரு வருஷமும் கூட்டிப் பார்த்ததில்லை. நோட்டு இருப்பது ஒரு ஈ காக்காவுக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்தாலும் அதே சட்டம்தான். என் மனைவியிடம் சொல்வது அவள் தம்பியிடம் சொல்வதற்குச் சமம். சாயங்காலம் போன் வந்துவிடும்: "என்ன மாமா, முனையில கொடுவா கிடைச்சுதாமே?" அதனால் செருப்பைக் கழற்றும்போதே ஒரு பெருமூச்சு விடுவேன். "ஒண்ணும் இல்லியா?" என்பாள். "ஒண்ணும் இல்ல." பாவம் என்று என்னை உட்கார வைத்துத் தோள்பட்டைக்குத் தைலம் தேய்த்துவிடுவாள். நானும் வெட்கமில்லாமல் இரண்டு தோளையும் காட்டுவேன்.

ஒவ்வொரு வருஷமும் பருவம் முடிகிற வாரம் மீன்வளத்துறையிலிருந்து ஒரு படிவம் வரும். 'இந்தப் பருவம் உங்களுக்கு எப்படி இருந்தது? ஒன்று முதல் பத்துக்குள் மதிப்பெண் தருக.' அதை நிரப்புவது எங்களுக்கு ஒரு விழா மாதிரி. பேக்கரியின் பின்பக்கம், மாவு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, டீயைக் குடித்துக்கொண்டு நிரப்புவோம். எல்லோரும் ஒன்றுதான் போடுவோம். பல் டாக்டர் பூஜ்யம் போடுவார். படிவத்தில் அப்படி ஓர் எண்ணே இல்லை என்று யாராவது சொன்னால், "என் மனசுல இருக்கு" என்பார். 'கருத்துகள்' என்ற கட்டத்தில் எல்லோரும் ஒரே வரியை எழுதுவோம்: 'அந்த வருஷம் மாதிரி வராது.'

அந்த வருஷம் என்றால் எட்டு வருஷத்துக்கு முந்தைய பருவம். அது மட்டும் பொய்யில்லை. கடல் எங்களைத் தேடி வந்த வருஷம் அது என்று நான்கு பேரும் நிஜமாகவே நம்பினோம். அப்போது எங்கள் பக்கத்து வீட்டில் தரையை உடைத்துக்கொண்டிருந்தார்கள், சத்தம் தாங்காமல் என் மனைவியும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபிளாஸ்கோடு சுவருக்கு வந்துகொண்டிருந்தாள். வேண்டுமானால் அவளையே கேட்டுப் பாருங்கள் என்று புதியவர்களிடம் சொல்வோம். சாட்சி இருக்கிற ஒரே வருஷம் அல்லவா.

ஒரு அரசாங்க அலுவலகம் நாம் எழுதிக் கொடுப்பதை உட்கார்ந்து படிக்கும் என்று யார் கண்டது? இந்த வருஷம் மீன்வளத்துறைக்குப் புதிதாக ஓர் அதிகாரி வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். வந்ததும் பழைய பீரோவைத் திறந்து எங்கள் படிவங்களை ஒன்று விடாமல் படித்திருக்கிறார். பத்தாம் நாள் ஆளுக்கொரு கடிதம் வந்தது.

'தொடர்ந்து எட்டு ஆண்டுகளாகத் தாங்கள் அடைந்துவரும் வேதனையை இத்துறை கவனத்தில் கொண்டுள்ளது. மீன் வளம் மீளும் பொருட்டு அலைத்தடுப்புச் சுவர் ஐந்து ஆண்டுகளுக்கு மூடப்படும். ஆட்சேபம் இருப்பின் நேரில் தெரிவிக்கலாம்.'

வாரத்தில் ஆறு நாள் ஜன்னல் இல்லாத குழிக்குள் கயிற்றையும் கிரீஸையும் பார்த்துக்கொண்டிருக்கிறவன் நான். எனக்கு வானம் என்று இருப்பது அந்த ஏழாவது நாள்தான். ஐந்து வருஷம் என்றால் எனக்கு ஐம்பத்தெட்டு ஆகிவிடும். பல் டாக்டர் அன்று ஒரு நோயாளிக்குத் தவறான பக்கம் மரத்துப்போகிற ஊசி போட்டுவிட்டாராம்.

நேரில் தெரிவிக்கப் போனோம். அலுவலகத்தின் மாடி அறை, நீள மேஜை, கறகறவென்று சுற்றும் மின்விசிறி. பொதுமக்களும் வரலாம் என்று போட்டிருந்ததால் மச்சான் தன் அக்காவையும் கூட்டி வந்துவிட்டான். "ஆறுதலா இருக்கும் மாமா" என்றான். அவள் மூன்றாவது வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். "மீனே இல்லாத இடத்த மூடினா உங்களுக்கு என்ன நஷ்டம்? எனக்கு அதுதான் புரியல."

பல் டாக்டர் எழுந்தார். "மேடம், மீன் இல்லன்னு ஒரேயடியா சொல்லிட முடியாது. இருக்கு. எனக்குத்தான் கிடைக்கல. பேக்கரிக்காரருக்குக் கிடைச்சிருக்கலாம்."

"எனக்கா? ஐயோ, நான் கண்ணாலயே பாத்ததில்ல," என்று துள்ளினார் பேக்கரிக்காரர். "இந்தத் தம்பி வேணா..."

"எனக்கும் இல்லீங்க," என்றான் மச்சான். "ஆனா இருக்குன்னு கேள்விப்பட்டேன்."

"யார் சொல்லி?"

திருதிருவென்று விழித்தான். அந்தச் சுவரில் யாரும் யாரிடமும் அப்படி ஒன்றைச் சொன்னதே கிடையாதே. மூடப்போகிறார்கள் என்று தெரிந்தும் ஒருத்தர் வாயிலிருந்தும் 'நான் பிடித்தேன்' என்ற இரண்டு வார்த்தை வரவில்லை. எனக்கு அவர்கள் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. என் வாயிலிருந்தும்தான் வரவில்லை.

"அப்ப ஆதாரம் எதுவும் இல்ல," என்று அதிகாரி சுவரை மூடும் உத்தரவை இழுத்துப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

நோட்டு என் டூல் பையில் இருந்தது. அதை எடுத்தால் மூன்று பேரும் என்னோடு பேச மாட்டார்கள். அது கூடப் பரவாயில்லை. மூன்றாவது வரிசையில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். எட்டு வருஷத் தைலம் அவள் கையில் இருந்தது. ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். தைரியமாக இருங்கள் என்பது போலத் தலையை அசைத்தாள். அந்த அசைப்பு என்னைக் கொன்றுவிட்டது. எழுந்து போய் நோட்டை மேஜையில் வைத்தேன்.

அதிகாரி புரட்டினார். பிறகு கால்குலேட்டரை எடுத்தார். பல் டாக்டர் என்னைப் பார்த்த பார்வைக்கு மரத்துப்போகிற ஊசி எதுவும் கிடையாது.

"போன வருஷம் நூத்தி அறுபத்தி நாலு," என்றார் அதிகாரி. "அதுக்கு முந்தின வருஷம் நூத்தி ஐம்பத்தி ஒண்ணு. இந்த வருஷம் நூத்தி எண்பத்தி ஏழு. இருக்கிறதுலயே இதுதான் அதிகம்." எங்கள் படிவங்களைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். "இதுக்கு நீங்க போட்ட மார்க்கு ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு, பூஜ்யம்."

பல் டாக்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"சரி, அந்த வருஷம், அந்த வருஷம்னு எல்லாரும் எழுதியிருக்கீங்களே. அதையும் பாத்துடலாம்." முதல் பக்கங்களுக்குப் போனார். கால்குலேட்டரைத் தொடக் கூட இல்லை. "ரெண்டு."

"இருநூறா?" என்றார் பேக்கரிக்காரர்.

"ரெண்டே ரெண்டு மீன். பருவம் முழுக்க."

ஒரே கூச்சல். நோட்டு பொய் என்றார் பல் டாக்டர். அந்த வருஷம் தன் கை வலித்தது இன்னும் நினைவிருக்கிறது என்றார் பேக்கரிக்காரர். எனக்கே தலை சுற்றியது. என் கையெழுத்துதான், என் நோட்டுதான். அதிகாரி கையை உயர்த்தி அடக்கிவிட்டு, ஒரு பக்கத்தை வாசித்தார்.

"'காலை ஆறு முதல் பதினொன்று வரை. மீன் இல்லை. மச்சான் தண்ணீரில் விழுந்தான். அவன் அக்கா சிரித்த சிரிப்பில் தக்கை எங்கே போனது என்று யாரும் பார்க்கவில்லை.'" அடுத்த பக்கம். "'மீன் இல்லை. பேக்கரிக்காரரின் இரை உருண்டையைப் பலகாரம் என்று நினைத்து அவள் தின்றுவிட்டாள். நன்றாக இருக்கிறது என்கிறாள்.'" இன்னொரு பக்கம். "'மீன் இல்லை. பல் டாக்டர் பாடினார். தடுக்க முடியவில்லை.'"

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அதிகாரி பேனாவை மூடினார். சுவரை மூட முகாந்திரம் இல்லை என்றார். நாங்கள் எழுந்து நன்றி சொல்வதற்குள், உண்மையான எண்ணிக்கையைப் பொதுமக்கள் நலன் கருதி அலுவலக வாசலில் ஒட்டப்போவதாகவும் சொன்னார். பேக்கரிக்காரர் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள்.

"எட்டு வருஷமா தைலம் தேச்சேன்," என்றாள்.

"உன் தம்பிகிட்ட சொல்லிடுவியோன்னு..."

"அது போகட்டும். தரை வேலை முடிஞ்ச அடுத்த வருஷம், நானும் வரட்டுமான்னு கேட்டேன். ஞாபகம் இருக்கா? மீனே இல்ல, நீ வந்து என்ன பண்ணப் போறேன்னு சொன்னீங்க. அன்னைக்கு எத்தனை?"

எனக்கு அது நோட்டு இல்லாமலே தெரியும். "ஆறு."

அவள் தலையை ஆட்டினாள். "நான் வர்றது உங்களுக்குப் பிடிக்கலன்னு நினைச்சுக்கிட்டேன். மீன் பிடிக்கிற இடத்துல பொம்பள எதுக்குன்னு யாராவது சொல்லியிருப்பாங்கன்னு. அப்புறம் நான் கேக்கவே இல்ல."

ஊரையெல்லாம் ஏமாற்றச் சொன்ன பொய்யில் நான் துரத்திவிட்டது இவள் ஒருத்தியைத்தான். எனக்கு அழுகை வந்தது. பஸ்ஸில் அழுகிற வயதா இது என்று தொண்டையைச் செருமிக்கொண்டேன். "நூத்தி எண்பத்தி ஏழு மீன் பிடிச்சோம், ஒரு மார்க்குதான் போட்டோம். ரெண்டு மீன் பிடிச்ச வருஷத்த இன்னும் சொல்லிக்கிட்டிருக்கோம். நீ வந்த வருஷம் அது. எனக்கு இன்னைக்குத்தான் புரிஞ்சுது."

இறங்கும் இடம் வந்ததும், "எனக்கும் ஒரு தூண்டில் வேணும். உங்க பழசு வேண்டாம்," என்றாள்.

அடுத்த பருவம் தொடங்கிய ஞாயிறு சுவரில் கால் வைக்க இடமில்லை. வாசலில் ஒட்டிய தாளைப் படித்த அத்தனை பேரும் விலைச்சீட்டு கூடப் பிரிக்காத தூண்டில்களோடு வந்திருந்தார்கள். பல் டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். மச்சான் மட்டும் வழக்கம் போல உரசிக்கொண்டு நின்றான், இந்த முறை அவன் அக்காவின் தூண்டிலை.

எட்டு மணி வாக்கில் அவளுடைய ரீல் கிர்ரென்று கத்தியது. நான் கை கொடுக்கப் போனேன், முழங்கையால் தள்ளிவிட்டாள். நல்ல கொடுவா, என் முழங்கையை விட நீளம். இரண்டு கையாலும் பிடித்து ஒரு நிமிடம் பார்த்தாள், குனிந்து தண்ணீரில் விட்டாள், நிமிர்ந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. அதை மறைக்கத் தெரியாதவள், மாட்டிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன்.

அதற்குள் பின்னாலிருந்து ஒரு புதுத் தொப்பி எட்டிப் பார்த்தது. "அக்கா, ஏதாவது கிடைச்சுதா?"

அவள் கையைச் சேலையின் பின்பக்கம் துடைத்துக்கொண்டாள். முகத்தைத் தொங்கப் போட்டு ஒரு பெருமூச்சு விட்டாள். செருப்பைக் கழற்றும்போது நான் விடுவேனே, அதே பெருமூச்சு.

"ஒண்ணும் இல்லப்பா," என்றாள். "ரொம்ப மோசமான வருஷம்."

தொப்பி போனதும் என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்: "எழுதிட்டீங்களா?"