கம்பத்தடியில் நின்றவன்

எங்களோடு லைன் வேலை செய்த லெனாட் அண்ணை சுன்னாகத்துக்கு அருகே மின்கம்பத்தில் கரண்ட் அடித்துச் செத்த நாளிலிருந்து கேதீஸ்வரனுக்குச் சோறு இறங்கவில்லை. அன்று கம்பத்தடியில் நின்றவன் அவன்தான். குருநகரில் அண்ணையின் செத்தவீட்டில் சனமெல்லாம் கதறி அழ, இவன் மட்டும் சுவரைப் பார்த்தபடி இருந்தான்.

“பெடியன் பயந்திட்டான்” என்று முடிவு கட்டினோம். எங்கள் ஆட்களுக்குப் பயத்துக்கு மருந்து தெரியாதா என்ன! அச்சுவேலியில் ஒரு பூசாரியிடம் கூட்டிப்போய்ப் பார்வை பார்ப்பித்து, மந்திரித்த நூல் கட்டுவித்தோம். கொம்பனி தன் பங்குக்கு எல்லோருக்கும் புதுக் கையுறை தந்தது. அவனோடு இருந்து கதைக்கத்தான் ஒருவரும் இல்லை.

மேற்பார்வையாளர் பரமலிங்கத்தாரிடம் அவனே போய்க் கேட்டான்.

“சேர், மேலை ஏற எனக்கு ஏலாது. கொஞ்ச நாளைக்கு வேறை வேலை தாங்கோ.”

“நூல் கட்டியாச்சுத்தானே? சும்மா இருந்தாத்தான் விசர் பிடிக்கும். ஏறினாப் பயம் தெளியும்.”

அவர் கெட்ட மனிதர் அல்ல. நல்லது செய்வதாகவே நினைத்தார். அதுதான் எனக்கு எரிச்சல்.

அடுத்த கிழமை உடுப்பிட்டியில் வேலை. கேதீஸ்வரன் ஏணியில் பாதிவரை ஏறி, கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி நின்றுவிட்டான்.

பரமலிங்கத்தார் கரண்டை நிறுத்துபவர்களோடு போனில் கதைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். “லைன் ஓஃப், கரண்ட் வராது. பயப்படாமல் ஏறு.”

“ஆர் சொன்னது?”

“நான்தான் சொல்லுறன்.”

“நானும் அப்பிடித்தான் சேர் சொன்னனான். போனிலை ஓஃப் எண்டாங்கள், நான் கையை வையுங்கோ எண்டன். என்ரை சொல்லை நம்பித்தான் லெனாட் அண்ணை கம்பியைப் பிடிச்சவர்.”

இத்தனை நாளும் அவனைத் தின்றது பயம் இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான், பாவி.

நான் ஏறி, இறுகியிருந்த விரல்களைப் பிரித்து அவனை இறக்கினேன். வேலியோரம் குந்தி, குழந்தைபோல விம்மி விம்மி அழுதான்.

பரமலிங்கத்தார் அவனிடமிருந்து கழற்றிய இடுப்புப் பட்டியை என்னிடம் நீட்டினார்.

“அப்ப நீ ஏறு தம்பி. சனம் கரண்ட் இல்லாமல் இருக்குது. லைன் ஓஃப்தான்.”

பட்டியைக் கட்டிக்கொண்டு ஏறினேன். கம்பியில் கை வைக்குமுன் கண்ணை இறுக மூடினேன்.