கம்பெனி வேனில் ஒரு சீருடை

1

‘இன்னைக்கும் ஆத்துல தண்ணி வடியல. இதோட நாலு நாளு. போன வருசமும் இப்படி நாலு நாளுன்னுதான் ஆரம்பிச்சுச்சு.’

மாரித்தாய் இதை யாரிடமும் சொல்லவில்லை. அவள் மனதுக்குள் நான் வைத்த வரி இது. அவள் பெயரும் நான் வைத்ததுதான். ஒரு டிசம்பர் காலையில், இருக்கன்குடிப் பக்கம், என் பேருந்தை ஒட்டிப் பட்டாசு கம்பெனி வேன் ஒன்று நின்றிருந்தது. உள்ளே வேலைக்குப் போகும் பெண்கள். ஜன்னலோரம் பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி. அரை நிமிடம்தான் பார்த்தேன். அதற்குள் என் பேருந்து கிளம்பிவிட்டது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘கரைபுரண்டு வந்த வெள்ளம் தரைப்பாலத்தை விழுங்கிக்கொண்டு...’

(அடித்துவிட்டேன். மழை விட்டு மூன்று நாள் ஆகிறது. நல்ல வெயில், கம்பெனியும் திறந்தாயிற்று. மேற்கே மலையில் பெய்த தண்ணீர் மட்டும் தரைப்பாலத்தின் மேல் முழங்காலளவு ஓடுகிறது. அக்கரையில் பள்ளிக்கூடம்.)

போன வருடம் மகள் செல்வலட்சுமி இப்படிப் பன்னிரண்டு நாள் வீட்டில் இருந்தாள். பொழுது போகாமல், பக்கத்து வீட்டில் வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றப் பழகினாள். தண்ணீர் வடிந்த பிறகு, “கணக்குப் பாடம் எங்கயோ போயிருச்சும்மா. எனக்கு ஒண்ணும் வெளங்கல. நான் குழாயே சுத்துறேன்” என்றாள். அவளைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்ப ஒரு மாதம் பிடித்தது. இப்போது எட்டாம் வகுப்பு. இன்னொரு முறை விட்டால் விட்டதுதான் என்று மாரித்தாய்க்குத் தெரியும்.

(தாய் மகளைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடப்பதாகவும் ஒரு பக்கம் எழுதினேன். படிக்க நன்றாகவே இருந்தது. என் ஒரு பக்கத்துக்காகப் பதின்மூன்று வயதுப் பிள்ளையை ஓடும் தண்ணீரில் இறக்குவதா? கிழித்துவிட்டேன்.)

3

கம்பெனி வேன் பெரிய பாலம் வழியாகச் சுற்றிப் போகும். பள்ளிக்கூட வாசலைத் தாண்டித்தான் போகும். வேலைக்குக் கிளம்பிய மாரித்தாய் மகளையும் அதில் ஏற்றிக்கொண்டாள்.

“ஏம்மா மாரித்தாயி, சின்னப்பிள்ளைய ஏத்துறியே! பாலத்துச் செக்கிங்ல பாத்தாகன்னா வேலைக்குக் கூட்டிட்டுப் போறோம்னுல்ல நெனப்பாக? எம்பொழப்பு போயிரும்” என்றார் டிரைவர் ரத்தினசாமி.*

“யூனிபாரம் போட்டிருக்காள்லண்ணே. பையி இருக்கு.”

“அதையெல்லாம் அவுக நம்புவாகளா?” எஞ்சினை அணைத்துவிட்டார். கொஞ்சம் யோசித்தார். “சரி, ஒண்ணு செய்யி. பாலத்துக்கிட்ட சீட்டுக்கடியில குனிஞ்சுக்கிரச் சொல்லு. மேல துண்டப் போட்டுருவோம்.”

பின்சீட்டிலிருந்து செல்லக்கனி கேட்டாள்: “பிள்ளைய ஒளிக்கிறது இருக்கட்டும். உங்க தொப்பைய எங்கன ஒளிக்கப் போறீக?”

வேன் முழுக்கச் சிரித்தது. செல்வலட்சுமியும் சிரித்துக்கொண்டே, சீட்டுக்கடியில் இடம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள்.

* அந்தச் சோதனை வேண்டியதுதான். பட்டாசு வேலையிலிருந்து எத்தனையோ பிள்ளைகளை மீட்டது அது. அதன் மேல் எனக்குக் குறையில்லை. இந்த ஒரு காலையில்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

4

மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். பாலத்தில் யாருமே நிற்கவில்லை. அல்லது, நின்றவர் துண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டார். அல்லது, பார்க்கவில்லை, முதல் மணி அடிக்கும்போது அவள் வகுப்பில் இருந்தாள். உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் மூன்றுக்கும் வேன் நகர வேண்டும். அவள் ஒளிந்தால்தான் ரத்தினசாமி நகர்த்துவார்.

அதனால் நானும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டேன். இன்றைக்கு மட்டும், மாரித்தாய். பத்தே நிமிடம். பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடுவாளே.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. குனிந்திருந்த மகளின் தோளைத் தொட்டு நிமிர்த்தினாள்.

“வேணாண்ணே” என்றாள், மெதுவாக. “வேலைக்குப் போற பிள்ளதான் ஒளியணும்.”

மகளின் கழுத்தில் புரண்டு கிடந்த பள்ளி அடையாள அட்டையைப் பெயர் தெரியும்படி திருப்பிவிட்டு, அவளை ஜன்னலோரம் உட்கார வைத்தாள்.