படத்தில் குதிரை பிடித்து நின்றவர்

அந்தப் படத்தில் குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற உயரமான மனிதரை என் தாத்தா என்று சொன்னது நான்தான். யாரும் என்னைத் தூண்டிவிடவில்லை. வாயும் என்னுடையது, நீட்டிய விரலும் என்னுடையது.

உங்களிடம் சொல்வதற்கென்ன, கேட்டுக்கொள்ளுங்கள் கண்ணுகளா. ஆனால் பாதியில் எழுந்து போய்விடாதீர்கள். பாதியில் போனால் என்னைப் பற்றி நல்லபடியாக நினைத்துக்கொண்டு போவீர்கள், அதுதான் எனக்குப் பயம்.

ஜார்ஜ்டவுனில் ராஜ குடும்பத்துத் துங்கு ஒருவர் ஒரு காலத்தில் குடியிருந்த அரண்மனை ஒன்று உண்டு, இஸ்தானா என்போம். துங்கு காலமான பிறகு பல வருஷம் பூட்டிக் கிடந்தது. இப்போது மியூசியம். முன்கட்டில் வாள், பட்டுக்குடை, தங்க வெற்றிலைப் பெட்டி எல்லாம் கண்ணாடிக்குள் இருக்கும். பின்கட்டில், பழைய சமையலறையில், அங்கே வேலை பார்த்தவர்களுக்கென்று ஓர் அறை. சுவரின் மேல் பாதி முழுக்க ஒரே படம், 1937-இல் எடுத்தது. பின்வாசல் படிக்கட்டில் பன்னிரண்டு ஆட்கள். மலாய்க்காரர், சீனர், நம்மவர், எல்லாரும் கலந்து நிற்பார்கள். பக்கத்தில் ஒரு பலகையில் மலாயிலும் தமிழிலும் எழுதியிருக்கும்: 'இவர்களில் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?'

என் அம்மா இருந்தவரை ஒன்றே ஒன்றுதான் சொல்வாள். அவளுடைய அப்பா சின்னையா அந்த இஸ்தானாவில் வேலை பார்த்தார் என்று. என்ன வேலை, ஆள் உயரமா குட்டையா, அவளுக்கே தெரியாது. அவள் தவழ்கிற வயதில் அவர் காய்ச்சலில் போய்விட்டார். வீட்டில் படமும் இல்லை.

போன தைப்பூசம் முடிந்து ஒரு வாரம் இருக்கும், என் சம்பந்தி கமலாம்பிகையை அங்கே அழைத்துப் போனேன். மருமகளின் அம்மா. யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவர் வீட்டு வரவேற்பறையில் மூன்று தலைமுறை கிராணிமார், ஆபீஸ் குமாஸ்தாக்கள், கோட்டும் டையுமாகச் சட்டத்துக்குள்ளிருந்து நம்மைப் பார்ப்பார்கள். நல்ல மனுஷிதான். ஆனால் கல்யாணப் பேச்சு நடந்த நாளிலிருந்து ஒரே கேள்வியை நாலு தடவை கேட்டுவிட்டார்: "சம்பந்தியம்மா, உங்கட ஆக்கள் எந்தத் தோட்டத்துக்கு வந்தவை?" கூலிக்கு வந்தவர்களா என்பதுதான் அதற்கு அர்த்தம்.

அந்தப் படத்தின் முன்னால் நின்று, "எங்க தாத்தா இங்கதான் வேலை பாத்தாரு" என்றேன்.

"அப்பிடியோ! இதில ஆர் அவர்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. பன்னிரண்டு பேரில் ஒருவர் மட்டும் தலைப்பாகை கட்டி, நெஞ்சை நிமிர்த்தி, வெள்ளைக் குதிரை ஒன்றின் கயிற்றைப் பிடித்து நின்றார். மற்றவர்கள் கையில் வாளியும் துடைப்பமும் கூடையும். என் விரல் நேராகக் குதிரைக்காரரிடம் போனது.

"என்ன கம்பீரமான மனுசன்! உங்கட மகனுக்கும் அதே மூக்கு" என்றார் கமலாம்பிகை. என் மகனுக்கு அவன் அப்பாவின் சப்பை மூக்கு. நான் மறுத்துப் பேசவில்லை.

மியூசிய அதிகாரி இக்மல் இதைக் கேட்டுவிட்டு ஓடி வந்தார். மரியாதையான பிள்ளை. "ஆன்ட்டி, நிச்சயமாகத் தெரியுமா?" என்று மலாயில் இரண்டு முறை கேட்டார். "நிச்சயம்தான் லா" என்றேன். ஒரு படிவத்தை நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். அடுத்த மாதம் படத்துக்குக் கீழே தாத்தாவின் பெயர் வந்துவிட்டது: 'சின்னையா, குதிரைக்காரர்.' எனக்குப் படத்தின் நகல் ஒன்றும் கொடுத்தார்கள்.

அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கிச் சட்டம் போட்டேன். சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சாமி அறையில் அம்மா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். தீபாவளிக்கு முதல் நாள் படையல் போடுவோம் இல்லையா, அன்றைக்கு அவருக்கென்று தனி இலை. ஆட்டுக்கறிப் பிரட்டல், அவித்த முட்டை, ஒரு சுருட்டு, கறுப்பு பீர் ஒரு போத்தல். குதிரை மேய்த்தவருக்கு இதெல்லாம் பிடிக்காமலா இருக்கும் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். "தாத்தா, பிள்ளைங்களக் காப்பாத்துங்க" என்று விழுந்து கும்பிட்டேன். மகனையும் மருமகளையும் கும்பிட வைத்தேன். சொன்னால் நம்புவீர்களா, அதற்குள் எனக்கே அவர் தாத்தாவாகிவிட்டார்.

தீபாவளி கழிந்து இரண்டு வாரம். இக்மல் போன் பண்ணினார். "ஆன்ட்டி, கொஞ்சம் வர முடியுமா? படத்தில் ஒரு சிக்கல்."

போனேன். பின்கட்டு அறையில் படத்துக்கு எதிரே நாற்காலி போட்டு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது வயதிருக்கும். பெயர் மீனாட்சி. மாக் மண்டினிலிருந்து வந்திருந்தார். அறுபது வயது மகன் லோகேஸ்வரன் குனிந்து அம்மாவின் செருப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். யாரோ கைப்பேசியில் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு அந்த அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லையாம்.

"அது எங்கப்பா" என்றார் மீனாட்சி அம்மா. சண்டைக் குரல் இல்லை. கடைத்தெருவில் தெரிந்தவரைக் காட்டுகிற மாதிரிச் சொன்னார். "பேரு திருநாவுக்கரசு. எனக்கு ஏழு வயசுல ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போட இழுத்துக்கிட்டுப் போனான். திரும்பி வரல. கயித்த எந்தக் கையில புடிச்சிருக்காரு பாரு தாயி. இடது கை. எங்கப்பாவுக்கு எல்லாமே இடது கைதான்."

இக்மல் என்னைப் பார்த்தார். படிவம் அவர் கையில் இருந்தது. என் கையெழுத்து எனக்கே தெரிந்தது.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? சாமி அறையை நினைக்கவில்லை, இந்த அம்மாவை நினைக்கவில்லை. கமலாம்பிகைக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன். இக்மலிடம் மலாயில், மெதுவாக, "வயசாயிடுச்சி, ஞாபகம் தடுமாறுது, பாவம்" என்றேன்.

லோகேஸ்வரன் நிமிர்ந்தார். "அக்கா, எங்கம்மாவுக்கு மலாய் நல்லாவே தெரியும்."

எனக்குக் காது இரண்டும் கொதித்தது. மீனாட்சி அம்மா மகனின் கையைத் தட்டினார். "விடுப்பா. ஒரே மாதிரி ஆளுங்க இருக்கிறதுதான்." பிறகு என்னிடம், "உங்க தாத்தாவாவே இருக்கட்டும் தாயி. நான் ஒரு தரம் தொட்டுக் கும்பிட்டுக்கவா?" என்றார்.

தன் அப்பாவைக் கும்பிட என்னிடம் அனுமதி கேட்டார். நானும் கொடுத்தேன். "கும்பிட்டுக்குங்கம்மா" என்றேன், பெரிய மனசுக்காரி மாதிரி.

லோகேஸ்வரன் அம்மாவைத் தாங்கிப் பிடித்துப் படத்தருகே கொண்டுபோனார். அந்த அம்மா கையை எட்டி, படத்தின் கண்ணாடியில் தெரிகிற பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அம்மா விழுந்துவிடாமல் இருக்க மகன் முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார். குதிரைக்காரருக்குச் சரியாகக் கீழே. அதே நீண்ட முகம். அதே போல இடது புருவம் மட்டும் இறங்கி இருந்தது. ஒரே ஆளை இரண்டு தடவை எடுத்து மேலும் கீழும் ஒட்டின மாதிரி.

இக்மலும் பார்த்துவிட்டார். வயதில் மூத்தவளை வெட்கப்படுத்தக் கூடாதென்று தரையைப் பார்த்தார் அந்தப் பிள்ளை.

அதற்குப் பிறகுதான் எனக்கு உண்மை பேச வந்தது. அதையும் உங்களிடம் மறைக்க மாட்டேன். இக்மல் பார்க்காமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா, சத்தியமாகத் தெரியவில்லை.

"தப்பு என்னுது. இவரு என் தாத்தா இல்ல. அழகா இருந்தாருன்னு சொல்லிட்டேன்."

இக்மல் மெல்லக் கேட்டார்: "அப்போ உங்கள் தாத்தா இதில் யார், ஆன்ட்டி?"

"தெரியாது."

எவ்வளவு சின்னச் சொல்! மிச்சப் பதினோரு முகத்தையும் அப்போதுதான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒருவரும் என்னைத் தெரிந்த மாதிரிப் பார்க்கவில்லை.

மீனாட்சி அம்மா திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பாரத்தைக் கொஞ்சம் இறக்கி வைத்த மாதிரி இருந்திருக்கும். அவர் திரும்ப நாற்காலிக்கு வந்து உட்கார்ந்து, "வீட்டுல படத்த வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். சொன்னேன். படையல் போட்டதையும் சொன்னேன்.

"என்னென்ன வச்சீங்க?"

"ஆட்டுக்கறி... முட்டை... சுருட்டு..." கடைசியில் அதையும் சொன்னேன். "பீரு."

"எங்கப்பா கவிச்சியே தொட மாட்டாரு!"

லோகேஸ்வரன் வாயைப் பொத்திக்கொண்டார். "கள்ளுக்கடை பக்கம்கூடப் போகாத மனுஷன்னு சொல்வியேம்மா. எண்பது வருஷம் கழிச்சி கெட்டுப் போயிட்டாரு பாரு தாத்தா."

அம்மாவும் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கினதும் அவர் சொன்னார்: "நாங்க வெறும் சொம்புத் தண்ணிதான் வச்சிக் கும்பிடுவோம். செத்த நாளும் தெரியாது, மொகமும் பிள்ளைங்களுக்குத் தெரியாது. எங்கயாச்சும் ஒரு வீட்டுல அவருக்குன்னு எல விழுந்திச்சே, போவட்டும்."

படத்தை மறுநாளே கொண்டுவந்து கொடுக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அந்த வாக்கைக் காப்பாற்றினேன், அது பெரிய காரியமில்லை.

இக்மல் பழைய பெயர்ச்சீட்டை உரித்து எடுத்தார். புதியது அச்சாகி வர ஒரு வாரம் ஆகுமாம். அதுவரை பெயரில்லாமல் விட வேண்டாம் என்று ஒரு வெள்ளை அட்டையில் மலாயில் எழுதினார். பிறகு அட்டையையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார். "தமிழில் நீங்கள் எழுதுங்கள், ஆன்ட்டி." அவர் தண்டனையாக நினைத்துச் சொல்லவில்லை. அவருக்குப் பக்கத்தில் நின்றவள் நான், அவ்வளவுதான்.

சுவரில் வைத்து எழுதினேன். எழுத்து கொஞ்சம் கோணல். 'திருநாவுக்கரசு.' கீழே, 'மகள்: மீனாட்சி, மாக் மண்டின்.' காய ஊதி, அந்த அம்மாவின் மடியில் வைத்தேன்.

அவருக்குப் படிக்கத் தெரியாது. விரலால் எழுத்தைத் தடவிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். கோபமே இல்லாத முகம். பிறகு அட்டையை மகனிடம் கொடுத்தார்.

"நீ ஒரு தரம் சத்தமா படிப்பா. சரியா இருக்கான்னு பாத்துக்குவோம்."

என்னைப் போன்றவள் எழுதினதற்குக் கேட்க வேண்டியதைத்தான் கேட்டார். லோகேஸ்வரன் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து, "தி... ரு... நா..." என்று படிக்கத் தொடங்கினார். அவர் படித்து முடிக்கும்வரை நான் பேனாவை மூடக்கூடத் தோன்றாமல் நின்றேன்.