காபோன் சேதி வருமுன்

ஆப்பிரிக்காவின் காபோனில் ஜனாதிபதித் தேர்தல் முடிவை அறிவித்த கையோடு இணையம் அறுந்தது. பதவியில் இருந்தவர் சில ஆயிரம் ஓட்டில் வென்றதாகச் சொன்னார்கள். அவருடைய சொந்த மாகாணத்தில் கிட்டத்தட்ட ஒருவர் விடாமல் ஓட்டுப் போட்டதாகக் கணக்கு. எதிர்த்து நின்றவர், வென்றது நான்தான் என்றார். நாடாளுமன்றம் எரிந்தது. தலைநகரை ஒட்டிய மரப்பட்டறையில் மேஸ்திரியாக இருந்த அப்துல் ஜலீலிடமிருந்து அதன்பின் போன் இல்லை.

கடைசியாகப் பேசியபோது, "சம்பா விதைய ஊறப் போட்டுரு ஆசியா" என்று ஊரிலிருந்த மனைவியிடம் சொல்லியிருந்தான். ஆசியா போட்டுவிட்டாள். இப்போது சாக்கைப் பிரித்தால் நெல் வெள்ளை முளை காட்டியது. இன்று தெளிக்காவிட்டால் வேர் பின்னிக்கொண்டு வீணாகும்.

நிலம் ஜலீலின் வாப்பா காலத்துக் குத்தகை. நிலக்காரர் துரைராசுவுக்கு அதை மனை போட்டு விற்க வேண்டும். இந்தப் பருவம் தரிசாகக் கிடந்தால் போதும், குத்தகைதாரன் கைவிட்டான் என்று எழுதி வாங்கிவிடுவார். ஜலீல் கலவரத்தில் செத்துவிட்டான் என்ற பேச்சை டீக்கடையில் அவிழ்த்துவிட்டவரும் அவர்தான்.

வழக்கமாக விதை தெளிக்கும் ரெத்தினம் வரப்பிலேயே நின்றுவிட்டார்.

"அண்ணன் சேதி தெரியாம நான் எப்புடிம்மா விதையில கை வைக்கிறது? ஆகாதும்மா. ரெண்டு நாள் பொறுங்க."

"முளை பொறுக்குமா அண்ணே?"

"பொறுக்காது."

"அப்ப தள்ளுங்க."

அந்த ஊரில் நடவுக்கும் களைக்கும்தான் பெண்கள். விதை தெளிப்பது ஆண்கள் வேலை. ஆசியா முக்காட்டை இறுக்கி முடிந்துகொண்டு கூடையோடு சேற்றில் இறங்கினாள். முதல் பிடி கொத்தாக ஒரே இடத்தில் விழுந்தது.

"வெரல விரிச்சு வீசுங்கம்மா! கோழிக்கா தீனி போடுறீங்க?" என்று ரெத்தினம் வரப்பிலிருந்து கத்தினார்.

நாற்றங்கால் பாதி முடிந்தபோது டிராக்டர் வந்தது. ஓட்டி வந்தவன் முருகையன். பின்னால் பைக்கில் துரைராசு.

"யாரக் கேட்டும்மா எறங்குன? குத்தகைக்காரனே இருக்கானா இல்லையான்னு தெரியல."

"அவுங்க இல்லன்னு ஒங்களுக்கு யாரு சேதி சொன்னது? காபோன் ஜனாதிபதியா?"

ரெத்தினம் சிரிப்பை அடக்கத் துண்டால் வாயைப் பொத்தினார்.

"வாய் நீளுது. முருகையா, எறக்கு. ஓட்டிக் கலக்கிடு."

முருகையன் சேற்றைப் பார்த்தான். முளைகள் பாதி வயலுக்கு வெள்ளையாகக் கிடந்தன. இஞ்சினை நிறுத்தினான்.

"விதை விழுந்துடுச்சுங்க. முளை மேல ஏர் ஓட்டுனா எங்க வீட்டுல ஒல கொதிக்காது. வேற ஆளப் பாருங்க."

"வேற எவன்டா வருவான்?"

"எவனும் வர மாட்டாங்க."

துரைராசு கோர்ட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். ரெத்தினம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். ஆசியா கூடையைக் கொடுக்கவில்லை.

"நீங்க அந்தப் பக்கம் பாருங்கண்ணே. இது எம் பாதி."

நான்காம் நாள் தண்ணீர் வடித்துக்கொண்டிருந்தபோது யாருடைய எண்ணிலிருந்தோ ஜலீல் பேசினான். பட்டறைக்குள்ளேயே அடைந்து கிடந்தார்களாம்.

"தேர்தல் வழக்கு கோர்ட்டுக்குப் போவுது புள்ள. அங்க என்ன?"

ஆசியா சேற்றுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இங்கயும் கோர்ட்டுதான். போகட்டும், பாத்துக்கலாம். நாத்து பச்ச கட்டிருச்சு."